காட்டு வௌவாலும் பறவையும் எங்கே இருக்கும், எப்படிப் போகும்: மாடல் போட ஒரு வழிகாட்டி

ஒரு பறவை எங்கெல்லாம் இருக்கும் என்று கணினியில் வரைபடம் போடுவது இன்றைக்குப் பெரிய வேலையே இல்லை. பறவை பார்ப்பவர்கள் பட்டியல் போடும் இ-பேர்ட் தளத்திலிருந்து பதிவுகளை இறக்கி, வேர்ல்டுகிளிம் தரவுத்தளத்திலிருந்து பருவநிலை லேயர்களை (வரைபட அடுக்குகளை) எடுத்து, இரண்டையும் மேக்ஸ்என்ட் என்ற மென்பொருளுக்குள் போட்டால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு படம் வந்து நிற்கும். பார்க்க நம்பும்படியாகவும் இருக்கும். ஆனால் அந்தப் படம் பறவை இருக்கும் இடத்தைக் காட்டுகிறதா, பைனாகுலரோடு ஆட்கள் போன இடத்தைக் காட்டுகிறதா என்று கேட்டால் பல நேரம் இரண்டாவதுதான். இந்த வேலையில் முக்கால்வாசி உழைப்பு இந்த இரண்டையும் பிரித்தெடுப்பதற்கே போகிறது, மீதி கால்வாசிதான் மென்பொருள். கீழே எழுதியிருப்பதை அந்தக் கணக்கோடு படியுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஆனைமலையை வைத்துக்கொள்வோம். வால்பாறைப் பீடபூமி சுமார் 220 சதுர கிலோமீட்டர். தேயிலை, காப்பி, ஏலம், யூகலிப்டஸ், இவற்றுக்கு நடுநடுவே நாற்பது துண்டு போல மழைக்காடு, சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகமும் கேரளத்துக் காடுகளும். தேயிலைக்கு மேலே பெரிய இருவாச்சி கவலையில்லாமல் பறந்து போகும். காட்டுத்தரையை விட்டு வெளியே வராத சின்னப் பறவைக்கு அதே தேயிலை ஒரு சுவர். ஓடைக்கரை மரவரிசையைப் பிடித்துக்கொண்டு போகும் லாட வௌவாலுக்கு அது பாதி சுவர். ஒரே நிலம், மூன்று விதமான வரைபடம். அதனால்தான் இந்த இடம் பழகுவதற்கு நல்லது.

மென்பொருளுக்குக் காசு செலவில்லை. ஆர் என்ற கணினி மொழியும் வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸும் இலவசம், இந்த அளவு நிலத்துக்கு 8 ஜிபி ரேம் உள்ள சாதாரண லேப்டாப் போதும். ஆர் தெரியாது என்று தள்ளிப்போட வேண்டாம், எழுத வேண்டியது நூறு இருநூறு வரிதான், அதிலும் பாதி வேறொருவர் எழுதியதை எடுத்து நம் இடத்துக்கு மாற்றுவதுதான்.

கேள்வியை முதலில் முடிவு செய்யுங்கள்

"எங்கே இருக்கிறது" என்பது ஒரு கேள்வி போலத் தெரியும், உண்மையில் மூன்று. இந்த இனத்துக்கு ஏற்ற வாழிடம் மலைத்தொடரில் எங்கெல்லாம் இருக்கிறது என்பது பரவல் மாடல். இந்தக் காட்டுத் துண்டில் அது இருக்கிறதா இல்லையா, எத்தனை சதவீதத் துண்டுகளில் இருக்கிறது என்பது ஆங்கிலத்தில் ஆக்குபன்சி என்று சொல்லும் இருப்பு மாடல். ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்கு எந்த வழியாகப் போகிறது என்பது நகர்வு மாடல். முதலாவதற்கு ஊரார் சேர்த்த பதிவு போதும், இரண்டாவதற்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்த தரவு வேண்டும், மூன்றாவதற்கு ஜிபிஎஸ் கருவி மாட்டிய உயிர்கள் வேண்டும். முதல் வகைத் தரவை வைத்துக்கொண்டு மூன்றாம் கேள்விக்குப் பதில் சொல்லும் வரைபடங்கள் நிறைய சுற்றுகின்றன. அவற்றை நம்பி வழித்தடம் வகுத்தால் வழித்தடம் நம் கற்பனையில்தான் இருக்கும்.

பதிவுகளைச் சுத்தம் செய்வது

இ-பேர்டில் கணக்குத் திறந்து, காரணம் சொல்லி விண்ணப்பித்தால் முழுத் தரவையும் தருவார்கள். அதில் "முழுப் பட்டியல்" என்று குறித்தவற்றை மட்டும் எடுங்கள், அதாவது பார்த்த, கேட்ட எல்லாப் பறவைகளையும் எழுதியவை. அப்போதுதான் பட்டியலில் ஒரு பறவை இல்லை என்பதற்கு ஏதாவது அர்த்தம் இருக்கும். நடந்த தூரம் 5 கிலோமீட்டருக்கு மேலும் செலவிட்ட நேரம் 5 மணி நேரத்துக்கு மேலும் போன பட்டியல்களைத் தூக்கிவிடுங்கள். 15 கிலோமீட்டர் பயணத்தில் பார்த்த பறவை எந்த மேட்டில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆரில் ஆக் என்ற தொகுப்பு இந்த வடிகட்டலுக்கென்றே இருக்கிறது.

அப்புறம் வரைபடத்தில் புள்ளிகளைப் போட்டுப் பாருங்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவும் புள்ளிகளாலேயே தெரியும். காட்சிமுனை, டீக்கடை, விருந்தினர் மாளிகை, இங்கெல்லாம் குவியல் குவியலாக இருக்கும், காட்டின் உள்ளே வெறிச்சோடியிருக்கும். இடத்தில் மட்டும் இல்லை, காலத்திலும் இதே கதைதான். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, பிப்ரவரியில் உலக அளவிலான வீட்டுப்புறக் கணக்கெடுப்பு என்று அந்த இரண்டு மாதமும் தமிழ்நாட்டுப் பட்டியல்கள் கொட்டும், ஜூன் ஜூலையில் மலையில் மழை பிடித்துக்கொண்டால் ஆளே இல்லை. இதை அப்படியே மாடலுக்குக் கொடுத்தால், "இந்தப் பறவை சாலையோரத்தை விரும்புகிறது, வறண்ட மாதத்தை விரும்புகிறது" என்று அது சத்தியம் செய்யும்.

செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, ஒரு கட்டத்துக்கு ஒரு வாரத்துக்கு ஒரு பட்டியல் என்று மெலிதாக்குவது. கட்டத்தின் அளவை நிலத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள், வால்பாறை போன்ற நொறுங்கிய நிலத்துக்கு 1 கிலோமீட்டர் சரி, முழு மேற்குத் தொடர்ச்சி மலைக்கு 3 அல்லது 5. இரண்டாவது இன்னும் முக்கியம், அதைக் கீழே பின்னணிப் புள்ளிகள் பற்றிச் சொல்லும்போது பார்ப்போம்.

வௌவாலுக்கு இ-பேர்ட் மாதிரி ஒன்று கிடையாது. உலகெங்கிலுமுள்ள உயிரினப் பதிவுகளைத் திரட்டும் ஜிபிஐஎஃப் தளத்தில் பெரும்பாலும் அருங்காட்சியகத்தில் பதப்படுத்திய மாதிரிகள்தான், அவற்றில் இடப்பெயர் மட்டும் இருக்கும், பின்னாளில் யாரோ அட்டவணை பார்த்து அட்சரேகை போட்டிருப்பார்கள். "கோயம்புத்தூர் மாவட்டம்" என்று மட்டும் எழுதியிருந்தால் புள்ளி மாவட்டத்தின் நடுவில், சமவெளியில் போய் விழும், மழைக்காட்டு வௌவால் பருத்திக்காட்டில் உட்கார்ந்திருக்கும். தசமத்துக்குப் பின் இரண்டே இலக்கம் இருந்தால் அந்த இடம் ஒரு கிலோமீட்டருக்கு முன்னே பின்னே என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரையும் நம்பிவிடாதீர்கள். சாலிம் அலி பழந்தின்னி வௌவாலை 1948இல் மேகமலைப் பக்கம் ஆங்கஸ் ஹட்டன் பிடித்தார், அதைச் சாதாரண குறுமூக்குப் பழந்தின்னி என்று எழுதிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். 1972இல் கிட்டி தோங்லோங்யா எடுத்துப் பார்த்து, இது இனம் மட்டுமில்லை பேரினமே புதிது என்று சொன்னார். இருபத்துநான்கு வருடம் ஒரு பெட்டிக்குள் தவறான பெயரோடு இருந்தது என்றால், உங்கள் தரவுக் கோப்பில் எத்தனை இருக்கும்?

பறவைகளிலும் பெயர்த் தொல்லை உண்டு. சோலைக்காட்டுச் சிரிப்பான்களும் சோலைக்கிளி என்று பெயர் கொண்ட சின்னப் பறவைகளும் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று இப்போது தனித்தனி இனங்கள். பழைய பதிவுகள் பழைய பெயரில் இருக்கும். கணவாய்க்கு எந்தப் பக்கம் என்று பார்த்துப் பிரித்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும். இதே கணவாய் மாடலுக்குள்ளும் தலை காட்டும்: நீலகிரிச் சிரிப்பானுக்கு மாடல் போட்டால் ஆனைமலை உச்சியும் பழனி மலையும் "மிகப் பொருத்தம்" என்று சிவக்கும், பருவநிலை ஒன்றுதானே. ஆனால் நடுவில் முப்பது நாற்பது கிலோமீட்டர் தாழ்நிலத்தை அது தாண்டியதில்லை. பொருத்தமான இடம் வேறு, போய்ச் சேர்ந்த இடம் வேறு. கணவாயில் கோடு போட்டு வரைபடத்தை வெட்டுங்கள், தயங்க வேண்டாம்.

லேயர்கள்: எதை எடுப்பது, எதை விடுவது

வேர்ல்டுகிளிமில் 19 பருவநிலை மாறிகள் இருக்கின்றன, 1970 முதல் 2000 வரையிலான சராசரி. பத்தொன்பதையும் அள்ளிப் போடுவது வழக்கமாகிவிட்டது. நம் மலைக்கு அதில் நான்கு ஆகவே ஆகாது: 8, 9, 18, 19. எட்டாவது மாறி "மிக அதிகம் மழை பெய்யும் மூன்று மாதங்களின் சராசரி வெப்பநிலை". மேற்குச் சரிவில் அந்த மூன்று மாதம் தென்மேற்குப் பருவத்தில் வரும், கிழக்குச் சரிவில் வடகிழக்குப் பருவத்தில், அக்டோபருக்கு மேல் வரும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் எண் திடீரென்று குதிக்கும், நிலத்தில் அப்படி எந்தக் கோடும் இல்லை. மாடல் அந்தப் பொய்க் கோட்டைப் பிடித்துக்கொண்டு எல்லை வரைந்துவிடும். மற்ற மூன்றும் இதே ரகம், ஒரு காலாண்டை ஒரு அளவால் தேர்ந்தெடுத்து இன்னொன்றை அளப்பவை.

மீதியிலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவை நிறைய. இரண்டு மாறிகளுக்கிடையே ஒட்டுறவு 0.7-க்கு மேல் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள், எதை எடுப்பது என்பதை உயிரியல் பார்த்து நீங்கள் முடிவு செய்யுங்கள், கணினியிடம் விடாதீர்கள். ஆண்டு மழை, மிக வறண்ட காலாண்டின் மழை, மிகச் சூடான மாதத்தின் உச்ச வெப்பம், இந்த மூன்றோடு நிறுத்தினாலே மழைக்காட்டுப் பறவைகளுக்குப் பெரும்பாலும் போதும்.

இன்னொன்று. இந்த லேயர்களின் கட்டம் நம் அட்சரேகையில் ஏறக்குறைய 900 மீட்டர், மலையில் வானிலை நிலையங்களும் நெருக்கமாக இல்லை. சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று, அங்கிருந்து மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கினால் மழைமறைவுப் பிரதேசம். இடையில் நடக்கும் மாற்றத்தை இந்த லேயர் வழவழவென்று தடவித்தான் காட்டும். அதனால் வால்பாறைக்குள் மட்டும் வேலை என்றால் பருவநிலையை விட்டுவிட்டு நிலப்பரப்பைப் பிடியுங்கள்.

நிலப்பரப்பில்தான் பெரிய பள்ளம் இருக்கிறது. செயற்கைக்கோள் பசுமைக் குறியீட்டுக்குத் தேயிலையும் பச்சை, மழைக்காடும் பச்சை, யூகலிப்டஸும் பச்சை. உலகளாவிய மரப்பரப்பு வரைபடங்களில் சில்வர் ஓக் நிழலில் நிற்கும் காப்பித் தோட்டம் காடு என்றே வரும். அந்த லேயரை "காடு" என்று பெயர் மாற்றி மாடலுக்குள் போட்டால், காட்டுப் பறவை தோட்டத்தில் நன்றாக வாழ்கிறது என்ற முடிவு தானாக வரும். தப்பிக்க வழி, உயரத்தைச் சேர்ப்பது. விண்வெளி நிலையத்தில் உள்ள ஜெடி என்ற லேசர் கருவி 2019 முதல் மரவுயரம் அளந்திருக்கிறது, அதை சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களோடு சேர்த்து 10 மீட்டர் நுணுக்கத்தில் மரவுயர வரைபடம் செய்து இலவசமாக விட்டிருக்கிறார்கள். தேயிலை இடுப்பளவு, மழைக்காடு முப்பது மீட்டரைத் தாண்டும், இதிலேயே பாதி பிரிந்துவிடும். சில்வர் ஓக்கும் யூகலிப்டஸும் உயரத்திலும் ஏமாற்றும், அதற்குக் குறுக்குவழி இல்லை: கூகுள் எர்த்தில் பெரிதாக்கி, தெரிந்த இடங்களில் நூறு நூற்றைம்பது பலகோணம் கையால் வரைந்து, கூகுளின் எர்த் எஞ்சின் தளத்தில் நீங்களே வகைப்படுத்துங்கள். வரிசை வரிசையாக நட்ட மரம் மேலிருந்து பார்த்தாலே தெரியும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான படங்களை எடுங்கள், ஜூன் முதல் செப்டம்பர் வரை கிடைப்பது மேகம்தான்.

ஓடையிலிருந்து தூரம், காட்டு விளிம்பிலிருந்து தூரம், சரிவு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காட்டின் அளவை ஒரே வட்டத்தில் கணக்கிடாமல் 100, 500, 1000 மீட்டர் என மூன்று வட்டங்களில் கணக்கிட்டு எது நன்றாகப் பொருந்துகிறது என்று பாருங்கள், வௌவாலுக்குச் சின்ன வட்டமும் இருவாச்சிக்குப் பெரிய வட்டமும் பொருந்துவது இயல்பு. தூரம் கணக்கிடும் முன் எல்லா லேயரையும் மீட்டர் அளவிலான ஒரே ஆயத்தொலை அமைப்புக்கு மாற்றுங்கள், ஆனைமலைக்கு யூடிஎம் 43 வடக்கு, குறியீடு 32643. டிகிரியிலேயே வைத்துக்கொண்டு தூரம் எடுத்துவிட்டு எண் ஏன் 0.003 என்று வருகிறது என்று தேடுபவர்கள் உண்டு.

மாடலை ஓட்டுவது

மேக்ஸ்என்ட் செய்வது எளிமையான ஒப்பீடு: உயிர் இருந்த இடங்களின் சூழலையும், பொதுவாக அந்த நிலத்தில் கிடைக்கும் சூழலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. பொதுவான சூழலுக்குத்தான் பின்னணிப் புள்ளிகள், சொல்லாவிட்டால் 10,000 புள்ளிகளைக் கண்டபடி தூவும். இங்கேதான் நான் மேலே சொன்ன இரண்டாவது வேலை. கண்டபடி தூவாமல், மற்ற எல்லாக் காட்டுப் பறவைகளின் பட்டியல் இடங்களையும் பின்னணியாகக் கொடுங்கள். இருவாச்சிப் புள்ளியும் சாலையோரம், பின்னணிப் புள்ளியும் சாலையோரம் என்றால் சாலையோரப் பாரபட்சம் இரண்டு பக்கமும் ஒன்றாகி அடிபட்டுப்போகும், மிஞ்சுவது பறவையின் விருப்பம். இந்த ஒரு மாற்றம் தரும் பலன் வேறு எந்த நுணுக்கமான அமைப்பிலும் கிடைக்காது என்பது என் கருத்து.

எல்லையையும் கவனியுங்கள். சோலைப் பறவைக்கு மாடல் போடும்போது பின்னணியை ராமநாதபுரம் வரை நீட்டினால் மாடலின் தரத்துக்குப் போடும் ஏயூசி மதிப்பெண் (1 என்றால் முழுமை) 0.95 வரும், எல்லோரும் கைதட்டுவார்கள். மலைப் பறவை கடற்கரையில் இல்லை என்று கண்டுபிடிக்க மாடல் எதற்கு? அந்தப் பறவை நியாயமாகப் போயிருக்கக்கூடிய பகுதிக்குள் பின்னணியை அடக்குங்கள். எண் 0.75-க்கு இறங்கும், வரைபடம் உருப்படும்.

மேக்ஸ்என்டின் இயல்பு அமைப்பு வளைவுகளைக் கொஞ்சம் அதிகமாக நெளியவிடும். இந்த நெளிவை அடக்கும் ரெகுலரைசேஷன் பெருக்கியை 1-இல் மட்டும் விடாமல் 2, 3, 4 என்று மாற்றியும் ஓட்டிப் பாருங்கள், ஈஎன்எம்ஈவல் தொகுப்பு இதைத் தானே சுற்றிச் சுற்றிச் செய்யும். பதிவு பதினைந்துக்குக் குறைவு என்றால் நேர்கோடு, இருபடி என்ற வளைவு வடிவங்களுக்கு மேல் போக வேண்டாம். சோதிக்கும்போது புள்ளிகளைக் குலுக்கிப் பிரிக்காதீர்கள், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் பயிற்சியிலும் சோதனையிலும் பிரிந்து விழுந்து, மாடல் பார்த்ததையே திரும்பப் பார்க்கும். நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒரு துண்டை முழுதாக மறைத்து வைத்துச் சோதியுங்கள். ஓடி முடிந்ததும் வரைபடத்துக்கு முன் பதில் வளைவுகளைத் திறந்து பாருங்கள். மரவுயரம் கூடக் கூடப் பொருத்தம் ஏறி, 12 மீட்டரில் மட்டும் ஒரு ஊசி போல இறங்கி மறுபடி ஏறினால் அது பறவையின் குணமில்லை, தரவின் கோணல்.

வௌவாலைக் கேட்பது

பூச்சி தின்னும் வௌவால்களுக்கு ஒலிப்பதிவுக் கருவிதான் கண். ஆடியோமாத் போன்ற சின்னக் கருவியே போதும். ஒன்றைப் பதிவு செய்ய அதன் அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் மாதிரி எடுக்க வேண்டும் என்பது விதி. பெடோமி லாட வௌவால் 40 கிலோஹெர்ட்ஸை ஒட்டிக் கத்தும், ரூக்ஸி லாட வௌவால் அதைப்போல இரண்டு மடங்கில், இலைமூக்கு வௌவால்களில் 120-ஐத் தாண்டுபவையும் உண்டு. அதனால் 384 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2.8 ஜிபி ஆகும், இரவு முழுக்க ஓடவிட்டால் 64 ஜிபி கார்டு இரண்டு இரவு தாங்காது. பொழுது சாய்ந்த முதல் மூன்று மணி நேரமும், விடிவதற்கு முன் ஒரு மணி நேரமும் போதும். ஓடைச் சத்தம் காதை அடைக்கும் இடத்தில் கட்டாதீர்கள், யானைத் தடத்தில் கட்டவே கட்டாதீர்கள்.

உயர்ந்த அதிர்வெண் காற்றில் சீக்கிரம் கரையும். பெடோமியின் குரல் கொஞ்சம் தூரத்திலிருந்தும் வரும், 120-இல் கத்துவது கருவிக்குச் சில மீட்டருக்குள் வந்தால்தான் விழும். இரண்டையும் எண்ணிக்கையில் ஒப்பிட்டு ஒன்று அரிது என்று எழுதிவிடக் கூடாது. பழந்தின்னிகள் கதையே வேறு, அவை குரல்வளையால் எதிரொலி எழுப்புவதில்லை, கண்ணாலும் மூக்காலும் போகின்றன. எத்தனை கருவி கட்டினாலும் சாலிம் அலி வௌவால் அதில் சிக்காது. அதற்கு மிஸ்ட் நெட் என்ற மெல்லிய வலை வேண்டும், குகை தேட வேண்டும். அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர், வலை விரிப்பதற்கும் கருவி மாட்டுவதற்கும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. அனுமதி வர மாதக்கணக்கில் ஆகும் என்று வைத்து வேலையைத் திட்டமிடுங்கள்.

பறவைக் குரலுக்கு, ஒலியைக் கேட்டு இனத்தைச் சொல்லும் பேர்ட்நெட் மென்பொருள் உதவும். ஆனால் அது தரும் 0.8 என்ற மதிப்பெண்ணை எண்பது சதவீதம் உறுதி என்று படிக்காதீர்கள். ஒவ்வொரு இனத்துக்கும் ஐம்பது துணுக்காவது காதால் கேட்டு, எந்த மதிப்பெண்ணுக்கு மேல் நம்பலாம் என்று தனித்தனியாக வகுத்துக்கொள்ளுங்கள்.

தட்டுப்படாதது இல்லாததில்லை

நாற்பது துண்டில் கருவி வைத்தீர்கள், ஒவ்வொன்றிலும் மூன்று இரவு. பன்னிரண்டு துண்டில் ஒரு வௌவால் கேட்டது. முப்பது சதவீதம் என்று எழுதலாமா? ஒரு இரவில் அது தட்டுப்படும் வாய்ப்பு 0.3 என்று வைத்துக்கொண்டால், மூன்று இரவும் தவறிப்போகும் வாய்ப்பு 0.7-ஐ மூன்று முறை பெருக்கினால் வருவது, 0.34. அதாவது இருக்கும் இடங்களிலேயே மூன்றில் ஒரு பங்கில் அது நம் கணக்கில் வராது. திருத்தினால் பன்னிரண்டு துண்டு பதினெட்டாகும், முப்பது சதவீதம் நாற்பத்தாறாகும். ஐந்து இரவு வைத்தால் தவறும் வாய்ப்பு 0.17-க்கு இறங்கும், எட்டு இரவுக்கு 0.06.

இருப்பு மாடல் செய்வது இதைத்தான், கொஞ்சம் முறையாக. ஆரில் அன்மார்க்ட் என்ற தொகுப்பு இருக்கிறது. ஒரு பக்கம் காடு, உயரம், ஓடை என்று இருப்பைத் தீர்மானிப்பவை, இன்னொரு பக்கம் மழை, நிலா வெளிச்சம், வெப்பம், காற்று என்று தட்டுப்படுவதைத் தீர்மானிப்பவை. இரண்டையும் கலக்காமல் எழுதுங்கள். மழை கொட்டிய இரவில் வௌவால் கேட்கவில்லை என்றால் அது அன்றைய இரவின் குற்றம், அந்தக் காட்டின் குற்றமில்லை. எத்தனை இடம், எத்தனை இரவு என்று திண்டாடினால், எங்கும் பரவலாக இருக்கும் இனத்துக்கு இடங்களைக் குறைத்து இரவுகளைக் கூட்டுங்கள், அரிய இனத்துக்கு இடங்களைக் கூட்டுங்கள்.

நகர்வு

கருவி மாட்டும் முன் எடை பாருங்கள். பறவைக்கு உடல் எடையில் 3 சதவீதம், வௌவாலுக்கு 5 சதவீதம் என்பது நெடுநாள் வழக்கம். மூன்று கிலோ இருவாச்சிக்கு 90 கிராம் வரை இடம் உண்டு, ஒரு கிலோ பழந்தின்னிக்கு 50 கிராம், இந்த இரண்டுக்கும் சூரிய ஒளியில் ஓடும் ஜிபிஎஸ் மாட்டலாம். ஆறு கிராம் பூச்சியுண்ணி வௌவாலுக்குக் கிடைப்பது 0.3 கிராம்தான். அதற்கு ரேடியோ ஒலிபரப்பி மட்டுமே உண்டு, இரண்டு பேர் ஆன்டெனா பிடித்து இரவெல்லாம் மேடு பள்ளம் ஏறி இறங்க வேண்டும். மலையில் அலை பாறையில் பட்டுத் திரும்பும், இடம் நூறு மீட்டர் தவறுவது சாதாரணம். அந்தத் தரவுக்கு 10 மீட்டர் லேயர் பொருத்துவது வீண் வேலை.

ஜிபிஎஸ் புள்ளிகள் வந்ததும் புள்ளிகளின் அடர்த்தியை மட்டும் பார்க்கும் பழைய கர்னல் முறையில் வாழ்பரப்பு, அதாவது அந்த உயிர் வழக்கமாகச் சுற்றும் பரப்பு, போட்டுவிடாதீர்கள். அரைமணிக்கு ஒரு புள்ளி என்றால் ஒவ்வொன்றும் முந்தையதன் பக்கத்தில்தான் இருக்கும், பழைய முறை அவற்றைத் தனித்தனி என்று நினைத்துப் பரப்பைச் சுருக்கிவிடும். சிடிஎம்எம் தொகுப்பு இந்தத் தொடர்பைக் கணக்கில் எடுக்கும். அதில் முதலில் வேரியோகிராம் வரையுங்கள், நேர இடைவெளி கூடக் கூட உயிர் எவ்வளவு தள்ளிப் போகிறது என்று காட்டும் கோடு அது. கோடு ஏறி ஒரு மட்டத்தில் தட்டையாக நின்றால் அந்த உயிர் ஒரு இடத்தில் தங்குகிறது, வாழ்பரப்பு என்ற பேச்சுக்கே அப்போதுதான் அர்த்தம். ஏறிக்கொண்டே போனால் அது இடம் பெயர்கிறது. இருவாச்சிக்குக் கூடு காலத்தையும் மற்ற காலத்தையும் பிரித்துச் செய்யுங்கள். பெண் பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு இருக்கும், ஆண் பழம் தேடிப் போய்ப் போய்த் திரும்பும், அந்த மாதங்களின் வட்டத்தை வருடம் முழுவதற்கும் நீட்டினால் அத்தி பழுக்கும் தொலைதூரக் காடுகள் வரைபடத்திலேயே வராது.

எந்த நிலத்தை விரும்பிப் போகிறது என்பதற்கு அடித்தேர்வு முறை. உயிர் எடுத்து வைத்த ஒவ்வொரு அடிக்கும், அதே இடத்திலிருந்து அது எடுத்திருக்கக்கூடிய பத்து இருபது அடிகளைக் கற்பனையாகப் போட்டு, போன இடத்துக்கும் போகாத இடங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒப்பிடுவது. ஆரில் ஏஎம்டி தொகுப்பு போதும்.

இதில் கிடைக்கும் எண்களை வைத்துத்தான் தடைப் பரப்பு, அதாவது ஒவ்வொரு இடத்தையும் கடப்பது எவ்வளவு கடினம் என்ற வரைபடம், கட்ட வேண்டும், அதை சர்க்யூட்ஸ்கேப் மென்பொருளில் போட்டால் மின்னோட்டம் போல எந்தெந்த வழியாக உயிர் பாயும் என்று காட்டும். பலர் பொருத்த வரைபடத்தைத் தலைகீழாக்கித் தடை என்று வைத்துவிடுகிறார்கள். வாழ ஆகாத இடத்தைத் தாண்டிப் போவது இருவாச்சிக்கு ஒரு விஷயமே இல்லை. கருவித் தரவு இல்லை, ஊகித்துத்தான் தடை எண் போட வேண்டும் என்றால் மூன்று விதமாகப் போட்டு ஓட்டுங்கள். மூன்றிலும் வரும் வழியை மட்டும் எழுதுங்கள். லாட வௌவாலுக்கு ஓடைக்கரை மரவரிசை பெரும்பாலும் மூன்றிலும் நிற்கும். பத்து மீட்டர் அகலமே இருப்பதால் 30 மீட்டர் லேயரில் அது மறைந்துபோகும், அதற்காகவாவது நுணுக்கமான லேயர் எடுங்கள்.

வெளியிடும் முன்

மாடல் "நிச்சயம் இருக்கும்" என்று சொல்லி இதுவரை யாரும் பதிவு செய்யாத பத்துக் கட்டங்களையும், "இருக்காது" என்று சொன்ன பத்துக் கட்டங்களையும் எடுத்து நேரில் போய்ப் பாருங்கள். சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டராவது தள்ளி இருப்பவையாகப் பொறுக்குங்கள். எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர்களையும் காடர் மக்களையும் கேளுங்கள், எந்த அத்தி எப்போது பழுக்கிறது, எந்தப் பொந்தில் போன வருடம் இருவாச்சி அடைந்தது என்பதெல்லாம் எந்த லேயரிலும் இல்லாத தரவு.

படத்தோடு இன்னொரு படமும் போடுங்கள்: பயிற்சித் தரவில் இல்லாத சூழல் எங்கெல்லாம் இருக்கிறது, அதாவது மாடல் எங்கெல்லாம் குருட்டாம்போக்கில் சொல்கிறது என்று காட்டும் படம், ஆரில் மெஸ் என்ற கணக்கு அதைத் தரும். இருக்கும் இல்லை என்று இரண்டு நிறத்தில் வெட்டாமல் படிப்படியான நிறத்திலேயே விடுங்கள். கூட்டு மரங்களின், வௌவால் குகைகளின் புள்ளிகளை வெளியிடும் கோப்பிலிருந்து எடுத்துவிட்டு, கொடுத்தே ஆக வேண்டுமென்றால் 10 கிலோமீட்டர் கட்டத்துக்கு வட்டமாக்கிக் கொடுங்கள். குகைக்குப் போகும் பாதை தெரியும் புகைப்படத்தையும் போடாதீர்கள், படத்துக்குள் ஜிபிஎஸ் பதிந்திருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.